இங்கிலீஷில் ஒளிவிலகல்

1960 ஜனவரி 11, திங்கள்

காலை ரயில் தாமதம். பாண்டிச்சேரி போய் வகுப்பில் நுழைந்தபோது முதல் பீரியடில் பாதி போயிருந்தது. ஒளிவிலகல் பாடம். கண்ணாடி அலமாரிக்குள் பிரான்சிலிருந்து வந்த முப்பட்டகம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் பார்க்கலாம், தொடக் கூடாது. அலமாரிச் சாவி பள்ளிக்கூட டைரக்டரிடம். வழக்கம்போல் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். பின்வரிசையில் ஒருவன், "முசே, நெசமாவே ஏழு கலரு வருமா?" என்று கேட்டான். (பிரெஞ்சுப் பள்ளியில் சார் கிடையாது, முசேதான்.) வரும் என்றேன். அவன் நம்பவில்லை. நானே பத்து வருடமாக அதைச் சாக்பீஸில்தான் பார்க்கிறேன்.

மதியம் டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். அடுத்த வருடம் புதிதாக அரசுக் கல்லூரி வரப்போகிறதாம். சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. பௌதிகத்துக்கு விரிவுரையாளர் வேண்டும், பிரான்சில் மோன்பெலியேவில் நான் வாங்கிய பட்டத்தை ஒப்புக்கொள்வார்கள் என்றார். "ஆனா கமிட்டி முன்னாடி இங்கிலீஷ்ல ஒரு பாடம் நடத்திக் காட்டணும். இங்கிலீஷ் வரும் இல்ல உனக்கு?"

"வரும்" என்றேன்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ்: குட்மார்னிங், தேங்க்யூ, அப்புறம் ரயில் பெட்டியில் சங்கிலிக்குப் பக்கத்தில் எழுதியிருப்பது.

ஆனாலும் விடுவதற்கில்லை. மோன்பெலியேவில் பட்டம் வாங்கி, ஆராய்ச்சி தொடங்கிய நேரத்தில் அப்பா இறந்துபோன தந்தி வந்து வில்லியனூருக்குத் திரும்பியவன் நான். மோன்பெலியேவில் முதல் நாளே ஒரு பேராசிரியர் என் கையில் லென்ஸைக் கொடுத்து, "கீழே போட்டால் நீயே பெருக்கு" என்றார். அவ்வளவுதான் விதி. அந்த மாதிரி ஒரு ஆய்வுக்கூடம் இங்கே வேண்டும். பூட்டில்லாத அலமாரி. அப்புறம் விட்ட இடத்திலிருந்து என் ஆராய்ச்சி.

முதலில் இங்கிலீஷ்.

ஜனவரி 12

கமலவேணி கடலூர்க்காரி, பிரிட்டிஷ்காரன் ஆண்ட ஊர்ப் பெண், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். கல்யாணமாகி நாலு வருடத்தில் நான் அவளிடம் எதையும் கேட்டுப் படித்ததில்லை. இன்று கேட்டேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்தாள்.

பிரெஞ்சில் எச் என்ற எழுத்துக்கு வாயில் வேலை கிடையாது. அதனால் 'ஹீட்' எனக்கு 'ஈட்' என்றுதான் வருகிறது. இரும்பை 'ஈட்' பண்ணினால் நீளும் என்று இங்கிலீஷில் சொன்னேன்.

"ஈட்டுன்னா சாப்புடறதுங்க. இரும்ப சாப்புட்டா அது இன்னாத்துக்கு நீளப் போவுது?"

சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு சிரித்தாள், பிறகு மூடாமல் சிரித்தாள். அண்ணி தனக்கொடி அடுப்படியிலிருந்து வந்து இன்னா விஷயம் என்று கேட்க, அவளிடமும் சொல்லி இரண்டு பேருமாகச் சிரித்தார்கள்.

கட்டிய மனைவியிடம் பாடம் கேட்பது சரிப்படாது.

ஜனவரி 13

போகி. அவளிடம் பேசவில்லை.

ஜனவரி 20

ஆள் கிடைத்துவிட்டார். எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் சம்மந்தம். விழுப்புரத்துக்காரர், என்னைவிட எட்டு வயது சின்னவர். டெலிபோனில் அவர் இங்கிலீஷ் பேசினால் பிளாட்பாரத்தில் படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும். இன்டர்மீடியட்டில் பௌதிகத்தில் இரண்டு முறை தவறியவர். மறுபடி எழுத ஆசை. எனவே ஒப்பந்தம்: நான் பௌதிகம் சொல்லித் தரவேண்டும், அவர் இங்கிலீஷ். இடம் அவர் ஆபீஸ். நேரம், சாயங்கால ரயில் போன பிறகு.

"இங்கிலீஷ்னா பயப்படக் கூடாது சார். சத்தமா பேசணும். அந்தாண்ட ஸ்டேஷன்ல இருக்கறவன் காதுல வுழணும், அவ்ளோதான்."

இவர் சிரிப்பதில்லை. அதுவே பாதிப் படிப்பு.

பிப்ரவரி 9

நல்ல முன்னேற்றம். ஒளி ஒரு ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது வளைகிறது என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டேன். சம்மந்தம் கொஞ்ச நேரம் கைகாட்டி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "லைட் சேஞ்சஸ் லைன் அட் த ஜங்ஷன்" என்றார். என்ன அழகான வாக்கியம். கண்ணாடியில் பட்டுத் திரும்புவது: "ரிட்டர்ன்ஸ் பை அனதர் ரூட்." ஒளி புகாத பொருள்: "நோ அட்மிஷன்." வெற்றிடத்தில்: "ரன்ஸ் நான்ஸ்டாப்." எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

பதிலுக்கு வெப்பத்தால் நீள்வதைச் சொல்லிக் கொடுத்தேன். தண்டவாளங்களுக்கு நடுவே ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்று சூத்திரம் போட்டுக் காட்டியபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தினி நாளா அந்த கேப்புமேலதான் நடந்துனு கீறேன் சார். பரீட்சைல கேட்டவன் அதையே கேட்டிருந்தா எழுதியிருப்பேன் இல்ல?"

நியாயமான கேள்வி. யாரிடம் கேட்பது?

மார்ச் 3

வகுப்பில் ஐந்து நிமிடம் இங்கிலீஷில் பேசிப் பார்த்தேன். பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். வெளியே வந்தால் வாசலில் ரசாயன ஆசிரியர் மாரிமுத்து நிற்கிறார். என்னோடு பிரான்சில் படித்தவர், நண்பர். "எல்லாம் சரி, மெட்ராஸ் போறவங்க எந்தப் பக்கம் நிக்கணும்?" என்றார்.

அவர் பிரான்சுக்கே போய்விடப் போகிறார். அங்கே பள்ளிக்கூட வேலை இருக்கிறதாம். "நீயும் வா. நம்ம பாஷை நம்ம வாயில இருக்கு. எதுக்கு முப்பத்தஞ்சு வயசுல பேச்சுப் பழகற?"

போகலாம்தான். ஆனால் அங்கே லென்ஸைத் தொடப் பிள்ளைகளுக்கு நான் தேவையில்லை.

மே 17

விடுமுறை. அண்ணன் சண்முகசுந்தரம் மளிகைக் கடையில் உட்காரச் சொல்கிறார். சர்க்கார் மாறியதிலிருந்து வரிக் காகிதமெல்லாம் இங்கிலீஷில் வருகிறது. "நீதான் இங்கிலீஷ் படிக்கிறியே, இத இன்னான்னு பாரு" என்று ஒன்றை நீட்டினார். பார்த்தேன். 'ரிட்டர்ன்' என்று இருந்தது. எதையோ திருப்பி அனுப்பச் சொல்கிறார்கள் என்றேன். அண்ணன் காகிதத்தையே திருப்பி அனுப்பிவிட்டார்.

மே 30

வரி ஆபீசிலிருந்து ஆள் வந்துவிட்டான். ரிட்டர்ன் என்றால் வரவு செலவுக் கணக்காம். இனி வரிக் காகிதத்தைக் கமலவேணி படிப்பது என்று முடிவாகியிருக்கிறது. யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஜூலை 22

சம்மந்தத்துக்கு விருத்தாசலத்துக்கு மாற்றல். இன்று கிளம்பிவிட்டார். அவருடைய பழைய இன்டர்மீடியட் பௌதிகப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டார். வேறு புதுசு வாங்கிக்கொள்வாராம். ஜன்னல் வழியாக, "சத்தமா பேசுங்க சார்" என்றார். ரயில் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றிருந்தேன். புதிய மாஸ்டர் வந்து டிக்கெட் கேட்டார்.

ஆகஸ்ட் 6

புத்தகத்தைத் திறந்து கமலவேணி முன்னால் வைத்தேன். எதுவும் சொல்லவில்லை. அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு பக்கம் சத்தமாக வாசித்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டாள். 'ஹீட்' வந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. ஆனால் சிரிக்கவில்லை. அதைக் கவனித்தேன்.

"கண்ணாடிமேல ஊதற மாதிரி ஊதுங்க. ஹ. ஊதிட்டு அப்புறம் சொல்லுங்க" என்றாள்.

வந்துவிட்டது. சம்மந்தம் ஏன் இதைச் சொல்லவில்லை? ஜங்ஷனையெல்லாம் எடுத்துவிட வேண்டுமென்கிறாள். ஒவ்வொன்றாக எடுக்கிறோம். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அக்டோபர் 16, ஞாயிறு

வீட்டில் பெரிய கலாட்டா.

கமலவேணி இப்போது என் உச்சரிப்பைத் திருத்துவதற்காக வாசிக்கிறாளா, தனக்காக வாசிக்கிறாளா என்றே தெரியவில்லை. நான் நிறுத்தினாலும் அவள் அடுத்த பக்கம் போகிறாள். இன்று காலை நடுவில் நிறுத்தி, "தண்ணிக்குள்ள கெடக்கற பொருள் மேல எழும்பித் தெரியும்னு போட்டிருக்கு. நெசமாவா?" என்றாள்.

நெசம்தான் என்று, ஒளியின் வேகம், அடர்த்தி, கோணம், எல்லாவற்றையும் தமிழில் விளக்கினேன். நன்றாக விளக்கினேன் என்றுதான் நினைக்கிறேன். அவள் தலையாட்டிவிட்டு, எழுந்து போய்ப் பித்தளைக் குண்டான் ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளே போட ஏதாவது வேண்டும். குனிந்து கால் மெட்டியைக் கழற்றிப் போட்டாள். குண்டான் விளிம்பு மெட்டியை மறைக்கும்வரை இரண்டு பேரும் பின்னால் நகர்ந்தோம். "நீங்க அசையாதீங்க, ஊத்தறேன்" என்று கையை நீட்டித் தண்ணீர் ஊற்றினாள். மெட்டி மெதுவாக மேலே வந்து தெரிந்தது.

"வந்துடுச்சிங்க" என்றாள். மறுபடி மறைத்தாள், மறுபடி ஊற்றினாள். நானும் பத்து வருடம் கழித்து அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணி வந்தாள். தம்பி பெண்டாட்டியின் மெட்டி குண்டானுக்குள் கிடக்கிறது, புருஷன் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். "ஐயோ, மெட்டிய கழட்டிட்டாளே" என்று அண்ணி போட்ட சத்தத்தில் அண்ணன் தராசை விட்டுவிட்டு ஓடி வந்தார், பின்னால் சாமான் வாங்க வந்தவர்களும். அவர்களுக்கெல்லாம் ஒளிவிலகலை விளக்கினேன். எந்த மொழியில் விளக்கினேன் என்று நினைவில்லை.

சாயங்காலம் அவள் மெட்டியைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "நீங்க சொன்னப்ப தலையாட்டினேன். ஊத்தனப்பதான் புரிஞ்சிது."

இதைத்தான் நான் கமிட்டியிடம் சொல்லவேண்டும். இங்கிலீஷில்.

1961 மார்ச் 12

பாடம் தயார். தலைப்பு ஒளிவிலகல். கமலவேணி நாற்காலியில் கமிட்டி மாதிரி உட்கார்ந்து கேட்கிறாள். எச் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ரயில் வாடை போய்விட்டது என்கிறாள்.

மே 8, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

கமிட்டியில் மூன்று பேர். நடுவில் தலைவர், சென்னைப் பேராசிரியர், ஜரிகை அங்கவஸ்திரம். இடது பக்கம் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர். வலது பக்கத்தவர் நான் வருமுன்பே தூங்கிவிட்டார். மேசைமேல் விளக்கு, கண்ணாடிப் பாளம், காகிதம், குண்டூசிகள்.

குட்மார்னிங் நன்றாக வந்தது. பிறகு தலைவர் முகத்தைப் பார்த்தேன். கமலவேணி சொல்லிக் கொடுத்த அத்தனையும் எங்கோ போய்விட்டது. உள்ளே துழாவியபோது கைக்குக் கிடைத்தது சம்மந்தம் கொடுத்ததுதான். அதுவும் அவர் சொன்ன சத்தத்திலேயே கிடைத்தது.

"த லைட் இஸ் நவ் ரெடி டு ஸ்டார்ட்" என்றேன். தூங்கியவர் எழுந்துவிட்டார். "அட் த கிளாஸ் இட் சேஞ்சஸ் லைன். இன்சைட் த கிளாஸ் இட் இஸ் ரன்னிங் லேட். ஆன் த அதர் சைட் இட் வில் மேக் அப் த ஸ்பீட்."

பௌதிகப்படி இதில் தப்பு ஒன்றும் கிடையாது. கண்ணாடிக்குள் ஒளி மெதுவாகத்தான் போகிறது. வெளியே வந்ததும் பழைய வேகம் வந்துவிடுகிறது. ஆனால் ஒல்லி மனிதர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

தலைவர் கேட்டார்: "வேர் யூ இன் த ரயில்வேஸ், மிஸ்டர் சௌந்தரராஜன்?"

"நோ சார். இன் மோன்பெலியே."

அதற்குமேல் வார்த்தை வரவில்லை. நிஜமாகவே வரவில்லை. வேலை போய்விட்டது என்று தெரிந்தது. போனது போகட்டும் என்று, கண்ணாடிப் பாளத்தையும் ஊசிகளையும் எடுத்துத் தலைவர் முன்னால் வைத்து, "ப்ளீஸ், யூ டூ" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அங்கவஸ்திரத்தை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு ஊசியை எடுத்தார்.

அதன்பிறகு நான் பேசவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. ஊசி குத்தி, கோடு இழுத்து, கோணம் அளந்து, கண்ணாடியின் விலகல் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். தலைவருக்கு ஒரு விடை வந்தது. ஒல்லி மனிதர் அது தப்பென்று தானே செய்தார், வேறு விடை வந்தது. தூங்கியவர் இரண்டும் தப்பென்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், மூன்றாவது விடை வந்தது. இங்கிலீஷெல்லாம் நின்றுபோய்த் தமிழில் சண்டை.

"நீர் ஒரு கண்ணை மூடிண்டு பார்க்கணும் ஓய்."

"மூடிண்டுதான் இருக்கேன். உம்ம கைதான் மறைக்கிறது."

டைரக்டர் கொண்டுவந்து வைத்த காபியில் ஆடை படிந்துவிட்டது. அடுத்த ஆள் வெளியே காத்திருக்கிறான் என்று இரண்டு முறை எட்டிப் பார்த்துச் சொன்னார்கள். கடைசியில் தலைவர் கையைத் துடைத்துக்கொண்டு, "இதையெல்லாம் தொட்டு எத்தனை வருஷமாச்சு" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கமலவேணியிடம் சொன்னேன். 'ரன்னிங் லேட்' வரைக்கும் பொறுத்தாள்.

மே 23

முடிவு தெரிந்துவிட்டது. விரிவுரையாளர் வேலை திருச்சிக்காரன் ஒருவனுக்கு. எம்.எஸ்ஸி., இருபத்திநாலு வயசு. எனக்கு டெமான்ஸ்டிரேட்டர். ஆய்வுக்கூடத்தில் கருவி எடுத்து வைக்கிறவன். "உன் இங்கிலீஷை வகுப்புல வுட முடியாதாம். ஆனா லேபை உன்கிட்டதான் குடுக்கணும்னு தலைவர் ஒத்தக் கால்ல நின்னாரு" என்று டைரக்டர் ஆறுதலாகச் சொன்னார்.

ஆறுதலாம். முப்பத்தாறு வயசுல இன்னொருத்தனுக்கு ஸ்டூல் எடுத்துப் போடணும். இதுக்கா ஒன்றரை வருஷம் கண்ணாடிமேல ஊதினேன்? சின்னப் பையன் அவன். நான் மோன்பெலியேல லென்ஸ் தேச்சப்ப அவன் சிலேட்டு வச்சிருந்திருப்பான். வேணாம். எதுவும் வேணாம்.

மாரிமுத்து அடுத்த மாதம் கப்பல் ஏறுகிறார். அவர் போகிற பள்ளிக்கூடத்தில் இன்னும் ஒரு இடம் காலியாம்.

மே 24

கமலவேணியிடம், நாம் பிரான்சுக்குப் போகிறோம் என்றேன்.

அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "நீங்க போங்க. நான் காலேஜ்ல சேரப் போறேன்."

"எந்தக் காலேஜ்ல?"

"புது காலேஜ்லதான். ஒரு வருஷம் பி.யு.சி., அப்புறம் பி.எஸ்ஸி. டைரக்டர் வூட்டம்மாவ கோயில்ல பாத்தப்ப கேட்டேன். கல்யாணமானவங்களையும் சேத்துப்பாங்களாம்."

"அப்ப என்கூட வரமாட்டே?"

"அங்க வந்து நான் இன்னா பண்ணட்டும்? மறுபடியும் தலையாட்டிட்டு உக்காந்திருக்கவா?" தண்ணீரை வடித்தாள். "நீங்க போயிட்டா அந்தத் திருச்சிக்காரரு எல்லாத்தையும் அலமாரில வச்சிப் பூட்டிடுவாரு. நான் பாட்டுக்கு கரும்பலகைய பாத்துனு கெடக்கணும்."

கோபப்பட முயன்றேன். அது சரியாக வரவில்லை.

மே 29

டெமான்ஸ்டிரேட்டர் வேலையை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாரிமுத்து என்னைக் கட்டிக்கொண்டு, "பைத்தியக்காரா" என்று பிரெஞ்சில் சொன்னார்.

ஜூன் 11, ஞாயிறு

இன்று அண்ணனிடம் விஷயம் போனது. கமலவேணி அண்ணனோடு நேராகப் பேசமாட்டாள். அண்ணனும் அவளோடு பேசமாட்டார். எல்லோரும் ஒரே கூடத்தில்தான் இருந்தோம். பேச்சு அண்ணி வழியாக நடந்தது.

"கடக்காரன் வூட்டுப் பொம்பள புஸ்தகத்த தூக்கினு ரயில் ஏறினா ஊரு இன்னா பேசும்னு கேளு" என்றார் அண்ணன்.

அண்ணி தன் பங்குக்கு, "அஞ்சு வருசம் ஓடி ஆறாவதும் நடக்குது. கொழந்த இல்லாத வூட்ல இப்ப காலேஜ்தான் கொறச்சலா?" என்றாள்.

கமலவேணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று தெரியாமலேயே எழுந்தேன். அதற்குள் அவளே பேசினாள், அண்ணியைப் பார்த்து, அமைதியாக:

"மாமா வேணாம்னு சொன்னா நான் போவலக்கா. ஊர் பேசற மாதிரி நடக்க வேணாம். பொம்பள இங்கிலீஷ் படிக்கறதே தப்புன்னா, அந்த வரிக் காயிதத்தையும் இனிமே நான் தொடல. இந்த மாசத்துது வந்திருக்கு, மாமாகிட்ட குடுத்துடுங்க."

அண்ணி காகிதத்தை வாங்கி அண்ணனிடம் கொடுத்தாள். அண்ணன் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போன வருடம் நான் படித்துச் சொன்னது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"காலை ரயிலா, எட்டு மணி பஸ்ஸான்னு கேளு" என்றார்.

ஜூலை 3

கல்லூரி தொடங்கியது. பெண்கள் ஐந்து பேர். ரயிலில் அவள் பெண்கள் பெட்டியில், நான் பக்கத்துப் பெட்டியில். வில்லியனூர் ஸ்டேஷனே பார்த்தது.

ஜூலை 14

திருச்சிக்காரர் நல்ல பிள்ளை. இங்கிலீஷ் மழை மாதிரி கொட்டுகிறது. இன்று வகுப்பு முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டு, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஸ்பெக்ட்ரோமீட்டரை எங்க காலேஜ்ல ப்ரொபசர் தொட்டதே இல்ல, எங்களையும் தொட வுட்டதில்ல. எப்படி லெவல் பண்றது?" என்று கேட்டார். காட்டினேன். இரண்டு வருடம் போனால் நான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்யலாமாம், விண்ணப்பத்தைத் தானே இங்கிலீஷில் எழுதித் தருவதாகச் சொல்கிறார்.

அலமாரிகளுக்குப் பூட்டு வாங்கவில்லை. இதுவரை உடைந்தவை: ஒரு பீக்கர், ஒரு தெர்மாமீட்டர். உடைத்தவர்களே பெருக்கினார்கள்.

ஜூலை 27

பி.யு.சி.க்கு முதல் செய்முறை மதிப்பெண். வெர்னியர் காலிப்பரால் இரும்புக் குண்டின் விட்டத்தை அளக்கவேண்டும். பெயர் கூப்பிட்டேன். "கமலவேணி" என்றதும், "ப்ரெசன்ட் சார்" என்றாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். பையன்கள் மேசையைப் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் அளந்த விடை தப்பு. மற்றவர்கள் தப்பாக அளந்தால் என்ன போடுவேனோ அதையே போட்டேன், பத்துக்கு நாலு. மனைவி என்று கூட்டிப் போட்டால் நாளைக்கு யாரும் மதிக்கமாட்டார்கள்.

ஸ்டேஷனிலிருந்து வீடுவரை அவள் எனக்கு முன்னால் நடந்தாள். செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்:

"காலிப்பர நீங்க மூடிப் பாத்தீங்களா?"

"எதுக்கு?"

"மூடினா பூஜ்யத்துல நிக்கணும் இல்ல. எனக்குக் குடுத்ததுல பூஜ்யமே பூஜ்யத்துல இல்ல. கோடு தள்ளி நிக்குது. அத கழிச்சுட்டா என் விடை சரி. நோட்டுல நீங்க கையெழுத்து போடறப்ப சொல்ல வந்தேன், 'நெக்ஸ்ட்'டுன்னு சொல்லிட்டீங்க."

கணக்குப் போட்டுப் பார்த்தேன். விடை சரிதான்.

கருவியைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டியது டெமான்ஸ்டிரேட்டர் வேலை. நாளை முதல் ரயிலில் போய் எல்லாக் காலிப்பர்களையும் மூடிப் பார்க்கவேண்டும். நாலை அடித்துவிட்டு ஒன்பது போடுவதாகச் சொன்னேன்.

"ஒண்ணு எங்க போச்சு?" என்கிறாள்.